தடுப்பூசி போடும் கையை எங்கே பழக்குவது? ஏற்காட்டிலிருந்து ஒரு ஹவுஸ் சர்ஜன்

ஏற்காடு_ஹவுஸ்சர்ஜன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எம்பிபிஎஸ் முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். சமூக மருத்துவத்துக்கு ஒதுக்கிய 12 வாரத்தில் கொஞ்ச நாள் ஏற்காடு மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக மனசு சரியில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன புதன்கிழமை தடுப்பூசி நாள். பதினோரு குழந்தைகள் வந்திருந்தார்கள். கிராம சுகாதார செவிலியர் அக்கா, "நீங்க போடுங்க டாக்டர், நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். இரண்டு குழந்தைக்குத் தொடையில் பெண்டா (ஐந்து நோய்க்கான ஒரே ஊசி) போட்டேன், நன்றாகவே வந்தது. மூன்றாவது வந்தது இருபது நாள் குழந்தை. பிறந்த இடத்தில் காசநோய்க்கான பிசிஜி ஊசி போடாமல் அனுப்பிவிட்டார்களாம். இடது மேல்கை, தோலுக்குள், 0.05 மில்லி, எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்தக் கை என் இரண்டு விரல் தடிமன்கூட இல்லை. ஊசியை நுழைத்து அழுத்தினேன், மருந்து எந்தத் தடையும் இல்லாமல் சர்ரென்று போய்விட்டது, கொப்புளம் எழும்பவே இல்லை, ஊசியை எடுத்ததும் ஒரு சொட்டு வெளியே வந்து முழங்கை வரை வழிந்தது. குழந்தையின் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து உள்ள போயிருச்சுங்களா?" என்று கேட்டார். நான் "போயிருச்சுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பதில்தான் தூங்க விடவில்லை.

கல்லூரியில் ஒரு முறை பொம்மையில் செய்து காட்டினார்கள், முப்பது பேர் சுற்றி நின்று பார்த்தோம், என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. செய்த பயிற்சியைப் பதியும் லாக் புக்கில் கையெழுத்து மட்டும் வந்துவிட்டது. பிசிஜி எப்படி நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று கேட்டால் நான்கு பக்கம் எழுதுவேன், அதைப் போடத்தான் தெரியவில்லை.

அந்தக் குழந்தைக்குத் திரும்பப் போட வேண்டுமா? தோலுக்குள் போடுவதை எதில் பழகுவது? இங்கே எனக்கு இன்னும் மூன்று புதன்கிழமை இருக்கிறது, அதற்குள் எதையெல்லாம் கற்றுக்கொண்டு இறங்க வேண்டும்?

ஓமலூர்_எம்ஓ எழுதியது:

டாக்டர், முதலில் குழந்தை விஷயம். திரும்பப் போட வேண்டாம். தழும்பே வராவிட்டாலும் பிசிஜி மறுபடி போடத் தேவையில்லை என்பதுதான் இப்போதைய வழிகாட்டல். மருந்து தோலுக்கு அடியில் போயிருந்தால் அந்த இடத்தில் சீழ் கட்டலாம், அக்குளில் நெறி கட்டலாம், அதைத்தான் கவனிக்க வேண்டும். ஆறாவது வாரம் பெண்டாவுக்கு வரும்போது கையையும் அக்குளையும் தொட்டுப் பாருங்கள். சரியாக இறங்கிய பிசிஜியே இரண்டு மூன்று வாரத்தில் சின்ன முடிச்சாகி, பிறகு உடைந்து புண்ணாகி, 6 முதல் 12 வாரத்துக்குள் ஆறித் தழும்பாகும். இதை அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் புண்ணைப் பார்த்துப் பயந்து மஞ்சள், பவுடர் என்று எதையாவது பூசிவிடுவார்கள். ஒன்றும் பூச வேண்டாம், பிதுக்க வேண்டாம், அது பாட்டுக்கு ஆறட்டும்.

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "கொஞ்சம் வெளியே வந்துடுச்சு, மறுபடி போடத் தேவையில்லை, கையில் வீக்கம் வந்தால் மட்டும் காட்டுங்க" என்றால் போதும். சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று நினைக்காதீர்கள், ஒரு மாதம் கழித்து அக்குளில் கட்டி வந்து அவராகவே கண்டுபிடித்தால்தான் போகும்.

இப்போது கைப்பழக்கம். கறிக்கடையில் தோலோடு கோழிக்கால் இரண்டு வாங்குங்கள், அரசு சப்ளை சிரிஞ்சைத் தொடாமல் மருந்துக்கடையில் ஒரு மில்லி சிரிஞ்சும் சலைனும் சொந்தக் காசில் வாங்குங்கள். தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, ஊசியின் வாய் மேலே பார்த்திருக்க, கிட்டத்தட்டப் படுக்கவைத்தே நுழையுங்கள். வாய்ப் பகுதி மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது. அழுத்தும்போது எதிர்த்து நிற்க வேண்டும். தடையே இல்லையென்றால் நீங்கள் ஆழத்தில் இருக்கிறீர்கள், உடனே அழுத்துவதை நிறுத்துங்கள். சரியாக இருந்தால் வெளுத்த கொப்புளம் எழும்பும், அதன் மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழி தெரியும். குழந்தைக்குப் போடும்போது ஐந்து மில்லிமீட்டர் அகலம் வர வேண்டும். ஒரு மாலையில் முப்பது முறை செய்தால் வித்தியாசம் உங்கள் விரலுக்கே தெரிந்துவிடும். ஆரஞ்சிலும் பழகலாம், உங்கள் மலையில் அதற்கா பஞ்சம், ஆனால் அது தோல் இழுபடுவதைச் சொல்லித் தராது, கோழிதான் நல்லது.

இதை ஒரு பிசிஜிக்காக மட்டும் சொல்லவில்லை. போலியோ ஊசியையும் இப்போது தோலுக்குள்தான் போடுகிறோம், முழு டோஸில் ஐந்தில் ஒரு பங்கு, 0.1 மில்லி. 6-ஆவது வாரம், 14-ஆவது வாரம் வலது கையில், 2023-லிருந்து ஒன்பதாவது மாதம் மூன்றாவது டோஸ் இடது கையில். ஆக ஒரு குழந்தைக்கு முதல் ஒன்பது மாதத்தில் நான்கு முறை தோலுக்குள் ஊசி. அந்த 0.1-இல் பாதி வெளியே வழிந்தால் மிச்சம் என்ன இருக்கும், நினைத்துப் பாருங்கள். இவ்வளவு முக்கியமான கைவேலையை மருத்துவப் பாடத்திட்டம் பொம்மையில் செய்து காட்டினால் போதும் என்று விட்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அஸ்தம்பட்டி_அம்மா எழுதியது:

நான் டாக்டர் இல்லை, இரண்டு பிள்ளை பெற்றவள். படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது, என் குழந்தையின் கைதான் உங்களுக்குப் பழகும் இடமா என்று. அப்புறம் யோசித்தால், எல்லோருக்கும் ஏதோ ஒரு குழந்தை முதல் குழந்தையாகத்தானே இருக்கும். அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், முதல் முறையாகப் போடுகிறவர் கோழிக்காலிலாவது முப்பது முறை போட்டுவிட்டு வரட்டும், பக்கத்தில் தெரிந்தவர் நிற்கட்டும், எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லட்டும். என் சின்னவனுக்குப் போட்ட டாக்டர் என் முகத்தையே பார்க்கவில்லை. என்ன ஊசி என்று கேட்டதற்கு "அட்டையில இருக்கு" என்றார். அன்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், இது வரும் காய்ச்சலா வராத காய்ச்சலா என்று தெரியாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். ஊசி சரியாகத்தான் போட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அடுத்த தவணைக்கு அங்கே போக மனசு வரவில்லை.

சேர்வராயன்_சிஸ்டர் எழுதியது:

டாக்டரம்மா, நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ரிடையர் ஆனவள். நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் பக்கமெல்லாம் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். உங்களை மாதிரி எத்தனையோ ஹவுஸ் சர்ஜன்கள் வந்து போனார்கள். வழிந்துவிட்டதே என்று மூன்று நாள் தூங்காதவர் நல்லாப் போடுவார், கவலைப்படாதீங்க கண்ணு.

கொப்புளம் வராததற்குக் காரணம் உங்கள் கை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். குழந்தை அசைந்திருக்கும். புதிதாக வரும் டாக்டர்கள் ஊசியையே பார்ப்பார்கள், குழந்தையை யார் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டார்கள். அம்மாவை நாற்காலியில் நல்லா சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். குழந்தையை மடியில் பக்கவாட்டில் வைத்து, அதன் வலது கை அம்மாவின் அக்குளுக்கு அடியில் முதுகுப் பக்கம் போய்விட வேண்டும், இரண்டு காலையும் அம்மா தன் தொடைக்கு நடுவில் வைத்துக்கொள்ளட்டும். இப்போது உங்களுக்கு ஒரே ஒரு கைதான் மிச்சம். அந்தக் கைக்குப் பின்னாலிருந்து உங்கள் இடது கையைக் கொடுத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை இழுத்துவிட்டால் அது உங்கள் பிடிக்குள் வந்துவிடும். குழந்தை துள்ளினால் உங்கள் கையும் சேர்ந்து போகும், ஊசி நழுவாது. ஸ்பிரிட் பஞ்சு வேண்டாம், அழுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். போட்ட பிறகு தேய்க்கவும் கூடாது. தொடை ஊசி போடும்போது பால் குடித்துக்கொண்டிருந்தால் அழுகை சீக்கிரம் நிற்கும். சொட்டு மருந்தெல்லாம் முதலில், வலிக்கும் ஊசி கடைசியில். அழுது கொண்டிருக்கும் வாயில் வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு விட்டால் பாதி வெளியே வந்துவிடும்.

இப்போது ஐஸ்பேக். இதை உங்கள் கல்லூரியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டீப் ஃப்ரீசரில் இருந்து எடுத்ததும் பெட்டியில் வைத்துவிடக் கூடாது. மேஜையில் பரப்பி வைத்து, வெளியே வேர்த்து, காதருகில் வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். அப்புறம்தான் நான்கையும் பெட்டியின் நான்கு பக்கத்தில் செருக வேண்டும், ஊசி மருந்து ஜிப் பைக்குள் போய் நடுவில் உட்காரணும். இல்லாவிட்டால் பெண்டா, டிடி, ஹெபடைடிஸ் மருந்தெல்லாம் உறைந்து கெட்டுப் போகும். கீழே சேலத்தில் வெயிலுக்குக் கொஞ்ச நேரத்தில் வேர்த்துவிடும், நம்ம மலையில் மார்கழி மாதக் காலையில் லேசில் வேர்க்காது. அவசரப்பட்டுச் செருகிவிடுவார்கள். மருந்து சூடாகிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், மலையில் நான் அதிகம் பயந்தது உறைவதற்குத்தான்.

ஊசி போட்ட பிறகு ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார வைப்பது ரொம்ப முக்கியம். ஆனால் எஸ்டேட்டில் இருந்து வரும் அம்மாவுக்கு மினி பஸ் நேரம்தான் கணக்கு. அதைத் தவறவிட்டால் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காபித் தோட்டம் வழியாக நடக்க வேண்டும். அதனால் வந்ததும் "எந்த பஸ்சுக்குப் போகணும்?" என்று கேட்டு, சீக்கிரம் போகிறவர்களுக்கு முதலில் போடுவேன். ஊசி போட்டதும் ஓடிவிட்டார்கள் என்று திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. நவம்பரில் காபிப் பழம் பறிக்க ஆரம்பித்தால் இன்னும் கஷ்டம், ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. வேலைக்கு வெளியூரில் இருந்து வரும் குடும்பங்கள் அட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

அம்மாவிடம் நான்கு விஷயம் சொல்லாமல் அனுப்பக் கூடாது. என்ன ஊசி, எதற்கு. என்ன வரலாம், வந்தால் என்ன செய்யணும். அடுத்து எப்போது வரணும். அட்டையைப் பத்திரமாக வைத்து வரும்போது எடுத்து வரணும். மேலே எழுதிய அம்மா விடிய விடிய உட்கார்ந்திருந்தது இரண்டாவது விஷயத்தை ஒருவர் சொல்லாமல் விட்டதால்தான்.

2008-இல் திருவள்ளூர் பக்கம் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதற்கப்புறம் ஊருக்குள் வந்து போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வர வேண்டும் என்று ஆனது. மலையில் அது எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் வாசலில் நின்று "எம்புள்ளைக்கு வேண்டாம் சிஸ்டர்" என்று சொன்ன ஓர் ஆயாவின் முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை அந்த ஆயாவே பேரனைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்து வந்தது.

சமூகமருத்துவம்_சேலம் எழுதியது:

சிஸ்டர் எழுதியதை அச்சடித்து எங்கள் துறையில் ஒட்டப் போகிறேன், அனுமதி கொடுங்கள்.

ஹவுஸ் சர்ஜன்களுக்குப் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், லாக் புக் குறை உண்மை, அதில் எங்கள் பங்கும் இருக்கிறது. நான் இப்போது முதல் புதன்கிழமை யாரையும் ஊசி தொட விடுவதில்லை. குழந்தையைப் பிடிப்பது, அட்டை எழுதுவது, அந்த நான்கு விஷயத்தை அம்மாவிடம் சொல்வது, இவ்வளவுதான். இரண்டாவது வாரம் மருந்து கலப்பது. மூன்றாவது வாரம்தான் ஊசி, அதுவும் தொடையில் ஆரம்பித்துக் கடைசியில் தோலுக்குள். உங்களை எடுத்த எடுப்பிலேயே இருபது நாள் குழந்தையின் பிசிஜியில் இறக்கியது முறையே தலைகீழ், அது உங்கள் தவறில்லை.

மருந்து கலப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சேர்க்கிறேன். பிசிஜியும், தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்ஆரும் பொடியாக வரும், கூடவே வரும் கரைப்பானில் மட்டும்தான் கலக்க வேண்டும். கரைப்பானும் முன்கூட்டியே ஐஎல்ஆரில் (தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி) இருந்து 2 முதல் 8 டிகிரி குளிருக்கு வந்திருக்க வேண்டும். 2014-இல் சிரியாவின் இத்லிப் பகுதியில் தட்டம்மை மருந்தைக் கலக்கும்போது கரைப்பானுக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் அட்ராகுரியம் மருந்து போய்விட்டது, 15 குழந்தைகள் இறந்தார்கள். இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில் இருந்திருக்கின்றன. ஆகவே தடுப்பூசி இருக்கும் ஐஎல்ஆரில் வேறு எந்த மருந்தும் இருக்கக் கூடாது, உங்கள் சாப்பாட்டு டப்பாவும் கூடாது. லேபிளைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கலக்குங்கள், பக்கத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டும். கலந்த நேரத்தை மருந்துக் குப்பியின் மேலேயே எழுதுங்கள். நான்கு மணி நேரம் ஆனதும் கடாசிவிட வேண்டும், இன்னும் இரண்டு குழந்தை வருமே என்று ஒருபோதும் வைத்திருக்கக் கூடாது. பெண்டா மாதிரித் திரவமாக வருபவைதான் திறந்த பிறகு 28 நாள் வரை, அதுவும் குளிர் சரியாக இருந்து, குப்பியில் ஒட்டியுள்ள விவிஎம்மின் (சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம்) உள் சதுரம் வெளி வட்டத்தை விட வெளுப்பாக இருந்தால் மட்டும்.

ஏடி சிரிஞ்சு, அதாவது ஒரு முறை பயன்படுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு, புதியவர்களைக் குழப்பும். மற்ற சிரிஞ்சில் பழகியவர்கள் முதலில் காற்றை இழுத்து மருந்துக் குப்பிக்குள் தள்ளப் பார்ப்பார்கள். இதில் ஒரு முறை இழுத்துத் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும், சிரிஞ்சு வீண். காற்று வேண்டாம், நேராக ஊசியை நுழைத்து மருந்தை இழுங்கள். குழந்தைக்குப் போடும்போது ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். போட்ட ஊசிக்கு மூடி போடாதீர்கள், நேராக ஊசியை வெட்டும் ஹப் கட்டருக்கு. மூடி போடப் போய்க் கையில் குத்திக்கொண்டவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

இன்னொன்று. டாக்டராக நீங்கள் அங்கே இருப்பதற்கு முக்கியமான காரணம் அந்த அரை மணி நேரம். ஒவ்வாமை வந்து குழந்தை சரிந்தால் அட்ரினலின், 1:1000, தொடைத் தசையில், ஒரு வயதுக்குள் 0.05 மில்லி, ஒன்று முதல் ஆறு வயது வரை 0.1 மில்லி. இந்த அவசர மருந்துக் கிட் எந்த அலமாரியில், சாவி யாரிடம், ஆம்பூல் காலாவதி எப்போது, இதையெல்லாம் முதல் குழந்தை வருவதற்கு முன்னால் உங்கள் கையால் திறந்து பாருங்கள். இதைப் பயன்படுத்தும் நாள் உங்களுக்கு வராமலே போகலாம். வந்தால் தேட நேரம் இருக்காது.

அஸ்தம்பட்டி_அம்மா எழுதியது:

சிஸ்டர், அந்த "எந்த பஸ்சுக்குப் போகணும்" என்பதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

ஏற்காடு_ஹவுஸ்சர்ஜன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் செவிலியர் அக்காவோடு அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். எஸ்டேட் லயன் வீடு, வாசலில் மிளகு காயப் போட்டிருந்தார்கள். அம்மாவிடம் நேராகச் சொன்னேன், "அன்னைக்கு மருந்து கொஞ்சம் வெளியே வந்துடுச்சும்மா, நான் போயிருச்சுன்னு சொன்னது தப்பு." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் தெரிஞ்சுதுங்க, கையில வழிஞ்சதை நாந்தானே துடைச்சேன்" என்றார். குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தேன், வீக்கம் இல்லை, அக்குளிலும் ஒன்றும் இல்லை. என்ன வந்தால் காட்ட வேண்டும் என்று சொல்லி அட்டையில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

கோழிக்கால் முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. முதல் பன்னிரண்டில் ஒன்றுகூடச் சரியில்லை, எல்லாம் ஆழமாகப் போனது. பதிமூன்றாவதில் விரலுக்கு அந்தத் தடை தெரிந்தது, ஓமலூர் சார் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

நாளை புதன்கிழமை. பிடிப்பதும் எழுதுவதும் பேசுவதும் மட்டும் செய்கிறேன், ஊசியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நானே அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். சரி என்றார். அட்ரினலின் ஆம்பூலை எடுத்துப் பார்த்தேன், அடுத்த வருடம் வரை தேதி இருக்கிறது, சாவி ஃபார்மசிஸ்ட் அண்ணாவிடம் இருந்தது, நாளைக்கு மேஜையிலேயே வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் காலையில் பழகிப் பார்க்க ஓர் ஐஸ்பேக்கை எடுத்து வெளியே வைத்தேன். சரியான பனிமூட்டம். இருபது நிமிஷம் கழித்துக் காதில் வைத்து ஆட்டினேன், சத்தமே இல்லை. இன்னொரு கால் மணி நேரம் கழித்துத்தான் உள்ளே தண்ணீர் அசைந்தது. நாளைக்கு அரை மணி நேரம் முன்னாலேயே வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.